எஃப்டி: நல்ல கருவிதான், ஆனால் எல்லாவற்றையும் காட்டாது

டெர்மினலில் கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் (find) கட்டளையோடு பத்து வருடம் குடும்பம் நடத்தியவன் நான். எந்த அடைவு, ஹைஃபன் நேம், மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறி என்று ஒவ்வொரு தடவையும் மந்திரம் சொல்ல வேண்டும். அதே வேலைக்காக ரஸ்ட் மொழியில் எழுதிய எஃப்டியில் (fd) அந்தத் தொல்லை இல்லை. பெயரில் ஒரு துண்டை அடித்தால் போதும். சின்ன எழுத்தில் கேட்டால் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. நடுவில் ஒரு பெரிய எழுத்து வந்தால் கறாராகிவிடும். டெபியன், உபுண்டு லினக்ஸ்களில் கட்டளையின் பெயர் எஃப்டிஃபைண்ட். எஃப்டி என்ற பெயரை அங்கே வேறொரு பேக்கேஜ் முன்பே பிடித்துவிட்டது. ஏலியஸ், அதாவது மாற்றுப்பெயர், போட்டுக்கொண்டால் சரி.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் எங்கள் கிட் ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) க்ளோன் செய்து, அதாவது தன் கணினிக்குப் பிரதி எடுத்துவிட்டு, "அண்ணா, பில்ட் ஃபோல்டரே வரலையே" என்றாள். என் லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறது. சேமிக்காத மாற்றங்களைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸும் சுத்தம். எஃப்டியில் தேடினால் ஒன்றும் வரவில்லை, பிழைச்செய்திகூட இல்லை. ஓடுகிற நிரல் எங்கிருந்துதான் ஓடுகிறது? ஒரு மணி நேரம் கழித்து, வேறு வழியில்லாமல் பழைய ஃபைண்டைக் கூப்பிட்டேன். சோர்ஸ் ஃபோல்டருக்குள் பில்ட் ஃபோல்டர் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

மறைவுக் கோப்புகளையும், கிட் ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் உள்ளவற்றையும் எஃப்டி தானாகவே தாண்டிப் போய்விடும். நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் குவியும் ஃபோல்டர்) குப்பையில் மூழ்காமல் சட்டென்று பதில் சொல்வதும் அதனால்தான். ஹைஃபனோடு பெரிய எழுத்து ஐ சேர்த்தால் இக்னோர் பட்டியலைக் கண்டுகொள்ளாது. பெரிய எச் சேர்த்தால் மறைவுக் கோப்புகளும் வரும். சின்ன யு போட்டால் இரண்டும்.

அப்புறம், ஒரு கோப்பை கிட் ஏன் ஒதுக்குகிறது என்று சொல்லும் கிட் செக்-இக்னோரை ஹைஃபன் வி-யோடு ஓட்டினேன். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று காட்டிக் கொடுத்துவிட்டது. நானே எழுதிய வரி: பில்ட், பின்னால் ஒரு சாய்கோடு. முன்னால் சாய்கோடு இல்லாததால், எத்தனை ஆழத்தில் அந்தப் பெயரில் ஃபோல்டர் இருந்தாலும் கிட் ஒதுக்கிவிடும். ஆக, அது கமிட்டே ஆகியிருக்கவில்லை, அதாவது ரெப்போவில் பதிவாகவே இல்லை. முன்னாலும் ஒரு சாய்கோடு போட்டு, ஆட் செய்து, புஷ் செய்தேன்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். "இக்னோர் பட்டியலில் இருப்பதைத் தேடவில்லை" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஐந்துமே தந்திருப்பேன். இப்போது பதில் வராவிட்டால் கை தானாக யு-வைச் சேர்த்துவிடுகிறது. அந்தப் பெண் ஃபைண்டே போதும் என்கிறாள்.