டெக்சாஸில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: என் 640 டாலர் போச்சு

சனிக்கிழமைதான் வகுப்பு முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டாலஸ் பக்கம், உள்ளரங்கச் சுடுதளத்தோடு ஒட்டிய ஒரு கடை. துப்பாக்கி 395, ஹோல்ஸ்டர் (இடுப்பில் மாட்டும் துப்பாக்கி உறை) 70, பயிற்சி 175. மொத்தம் 640 டாலர்.

கவுண்டரில் இருந்தவர் கொஞ்சம்கூட அவசரப்படுத்தவில்லை. என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். சட்டைக்குள் எங்கே வைப்பேன், காரில் எவ்வளவு நேரம் உட்காருவேன் என்றெல்லாம் கேட்டார். அக்கறையாகக் கேட்கிறாரே என்று அங்கேதான் நம்பிவிட்டேன். 3 அங்குலக் குழல் உள்ள குட்டி 9 எம்எம் ஒன்றைக் கையில் கொடுத்து, "வைத்திருப்பதே தெரியாது" என்றார். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கலாமா என்றதற்கு, தேவையே இல்லை என்றுவிட்டார்.

எடை குறைந்தால் உதைப்பு முழுக்க மணிக்கட்டுக்கு வரும். பிடி குட்டையாக இருந்ததால் சுண்டுவிரலுக்கு இடமே இல்லை. பிடி தளர்ந்தால், சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது, காலித் தோட்டா வெளியே விழாமல் அது வெளியேறும் வாயிலேயே நிமிர்ந்து சிக்கும். வகுப்பில் சுட்ட 50 ரவுண்டில் (தோட்டாவில்) நாலு தடவை சிக்கியது.

பயிற்சி சுடுதளத்திலேயே 4 மணி நேரம் என்றார்கள். 14 பேருக்கு ஒரே பயிற்றுநர். 3 யார்டில் 20, 7 யார்டில் 20, 15 யார்டில் 10 சுட்டதோடு சரி. அது கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான டெக்சாஸ் லைசென்ஸின் தேர்வு, 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. தேர்வையே பயிற்சி என்று விற்றிருக்கிறார்கள்! சட்டையைத் தூக்கி உருவுவது, சிக்கிய தோட்டாவை எடுப்பது எதையும் காட்டவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே உடன் எடுத்துச் செல்லலாம். அப்படியும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தேடி வருகிறவனை இப்படியா நடத்துவது?

ஹோல்ஸ்டர்தான் மோசம். எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்று தந்த மெத்தென்ற துணி உறை. துப்பாக்கியை உருவியதும் அதன் வாய் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். நேற்று ராத்திரி மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, குழலின் பின்னால் தோட்டா நிற்கும் சேம்பர் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியை உறைக்குள் திரும்பச் செருகினேன். உறையின் விளிம்பு மடிந்து டிரிகர் வளையத்துக்குள் போனது. இன்னும் அழுத்தினேன். டிக். தோட்டா இருந்திருந்தால் தொடையில் பாய்ந்திருக்கும்.

போன் பண்ணினால், விற்ற துப்பாக்கியைத் திரும்ப எடுப்பதில்லையாம், ரசீதின் அடியில் இருக்கிறதாம். நேரில் போனேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடியுங்கள் என்றார்கள். பயிற்றுநர் கடையைக் கேள் என்கிறார், கடை பயிற்றுநரைக் கேள் என்கிறது. ஹோல்ஸ்டர் பிரித்தாகிவிட்டதாம். மெயிலுக்குப் பதில் இல்லை. 640 டாலர்!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள். வாடகைக்கு எடுத்து 50 ரவுண்டாவது சுடாமல் வாங்காதீர்கள். ஹோல்ஸ்டர் அந்த மாடலுக்கே வார்த்த கைடெக்ஸாக (கெட்டியான பிளாஸ்டிக்) இருக்கட்டும், டிரிகரை முழுசாக மூட வேண்டும், உருவினாலும் வாய் திறந்தே நிற்க வேண்டும். உறையிலிருந்து உருவக் கற்றுத் தருவார்களா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்குவதே கூட்டாட்சிக் குற்றம். அப்படிப்பட்டவர்கள், கடைக்காரர் சிரித்த முகத்தோடு என்ன சொன்னாலும் துப்பாக்கி வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.