டேங்கில் கிடந்த பெட்ரோலும் நாகர்கோவில் ஒர்க் ஷாப்புகளும்

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது உபயோகப்படும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் இரண்டு நிற்கின்றன. ஒன்று 2017-ல் வாங்கிய பெட்ரோல் கார். இன்னொன்று அப்பாவின் ஸ்கூட்டர், பி.எஸ். 6 புகை விதி வருவதற்கு முந்தைய, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. மூட்டுவலி வந்தபிறகு அப்பா அதைத் தொடுவதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிவிட்டது. கார், நான் வந்தால் ஓடும். இந்தத் தடவை நான் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டுமே கிளம்பவில்லை.

காரில் பேட்டரி செத்திருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் வந்தேன். போன் செய்த அன்றே மதியம் ஒரு பையன் பைக்கில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு வந்தான். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழித்தான், மாட்டினான், வாரண்டி கார்டில் தேதி போட்டுக் கொடுத்தான். அரை மணி நேர வேலை. இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் இதற்கு நாள் குறித்து வாங்க வேண்டும். ஊரில் சர்வீஸ் சரியில்லை என்று பொதுவாகப் புலம்புகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

புது பேட்டரியில் செல்ஃப் நன்றாகவே சுற்றியது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பையன் நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு, "கடைசியா பெட்ரோல் எப்ப போட்டது சார்?" என்றான். அடுத்த சில நாட்களில் இந்தக் காரைப் பார்த்த பல பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல, லேசானதும் கனமானதுமாகப் பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. பியூட்டேன், பென்டேன் போன்ற லேசான சரக்குதான் முதலில் ஆவியாகிப் போகும். குளிர்ந்த எஞ்சின் பட்டென்று பிடிக்க உதவுவதும் அதே சரக்குதான். அது போனபின் மிச்சமிருப்பது பார்வைக்குப் பெட்ரோல் மாதிரியே இருக்கும், ஆனால் குளிர்ந்த எஞ்சினில் சுலபத்தில் தீப்பற்றாது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கலவையில் இருக்கும் ஒலிஃபின் என்ற வகை, டேங்கில் உள்ள காற்றின் ஆக்சிஜனோடு மெதுவாகச் சேர்ந்து பிசினாக மாறும். நிறம் கறுக்கும், வார்னிஷ் வாடை வரும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு. வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் கார் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இறுக்கி மூடிய கேனில், நிழலில் வைத்த பெட்ரோல் ஒரு வருடம்கூடத் தாங்கலாம். வண்டி டேங்கில் மூன்று முதல் ஆறு மாதம் என்பதுதான் பொதுவாகச் சொல்கிற அளவு.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது அவருக்கு வழக்கம். "வாராவாரம் ஓட வச்சேம்லா மக்கா, அப்புறம் எப்பிடிக் கெடும்?" என்றார். ஐடிலில், அதாவது எஞ்சின் மட்டும் ஓட, நின்ற இடத்திலேயே நிற்கும் சின்னக் கார் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் குடிக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஐம்பது மில்லி என்று வையுங்கள். வருடம் முழுக்க ஒரு வாரம்கூட விடாமல் செய்தாலும் இரண்டரை லிட்டர் சொச்சம்தான் செலவாகும். டேங்கில் இருபது லிட்டர் இருந்தால் பதினேழு லிட்டர் அப்படியே கிடந்து பழசாகும். போதாக்குறைக்கு, செல்ஃப் அடிக்க எடுத்த மின்சாரத்தை பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஐந்து நிமிடத்தில் திருப்பித் தராது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராததால் சைலன்சருக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். "அப்ப நான் செஞ்சது எல்லாம் வீணா?" என்று கேட்டார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

காரை எடுத்துப் போக ரெக்கவரி வண்டி வேண்டியிருந்தது. இன்ஷூரன்ஸ் போடும்போது சில நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வழியோர உதவியையும் சேர்த்திருந்தோம். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு வருவார்களா என்று சந்தேகமாக இருந்தது. வந்தார்கள். கால் சென்டரில் தமிழிலேயே பேசினார்கள், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே வண்டி வந்து நின்றது, காசு கேட்கவில்லை. பாலிசி எடுக்கும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

கார் போய்ச் சேர்ந்த பெரிய சர்வீஸ் சென்டரைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாக எழுத முடியவில்லை. ஏ.சி. ஹாலில் காபி கொடுத்தார்கள், மறுநாள் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. ஃப்யூல் பம்ப் மாற்ற வேண்டும், எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலும் மாற்ற வேண்டும், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும், கூடவே கேட்காத சில பாலிஷ் வேலைகள். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டது. பம்ப் கெட்டுப்போனது எப்படித் தெரியும், பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். "ரொம்ப நாள் நின்ன வண்டி சார், மாத்திடுறது நல்லது" என்றார் அட்வைசர். டேங்கில் உள்ள பெட்ரோலை யாரும் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. சோதனைக்கு உள்ள கட்டணத்தைக் கட்டிவிட்டுக் காரை வெளியே எடுத்தேன்.

வடசேரிப் பக்கம் மச்சான் வழக்கமாகப் போகும் ஒர்க் ஷாப் ஒன்று இருக்கிறது. போர்டுகூடப் பாதி அழிந்துபோன இடம். அங்கே உள்ள அண்ணாச்சி முதலில் செய்தது, பின் சீட்டைத் தூக்கி அதற்கடியில் உள்ள பம்ப் மூடியைத் திறந்ததுதான். குழாய் விட்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலை இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டன் சாயா நிறம். மூக்குக்குக் கொண்டுவந்தால் பெயிண்ட் கடை வாடை. "இத வச்சு எங்க தம்பி பிடிக்கும்?" என்றார். பம்பை வெளியே எடுத்துத் தனியாக பேட்டரி கொடுத்துப் பார்த்தார், நன்றாக ஓடியது. அதன் அடியில் இருக்கும் வலையில்தான் விரலில் ஒட்டுகிற மாதிரி ஒரு படலம். வலையையும் ஃபில்டரையும் மாற்றி, இன்ஜெக்டர்களை மெஷினில் போட்டுச் சுத்தம் செய்து, பழையதை முழுக்க இறக்கிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினார். கொஞ்ச நேரம் சுற்றவிட்டபின் பிடித்தது. முதலில் ஒரே நடுக்கம், போகப் போக நிதானத்துக்கு வந்தது. கூலியும் சாமானும் சேர்த்து சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பெரிய இடம் எல்லாம் ஏமாற்று, சின்ன இடம் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் என்று வந்தால் நான் சர்வீஸ் சென்டருக்குத்தான் போவேன். ஆனால் பாகத்தை மாற்றினால்தான் பில் எகிறும் என்ற இடத்தில், பெட்ரோலை மாற்றிப் பார்க்கலாம் என்று யார் சொல்வார்கள்?

ஸ்கூட்டர் கதை வேறு. டேங்க் மூடி வெளியே இருக்கும் மாடல், மாடிப்படிக்கு அடியில் என்றாலும் சாரல் விழும் இடம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் ஊர் எங்களுடையது. மூடியின் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. உள்ளே கிடந்த ஒன்றரை லிட்டரை அண்ணாச்சி பாட்டிலில் இறக்கிவைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, வேடிக்கை பாருங்க" என்றார். சற்று நேரத்தில் பாட்டிலுக்குள் ஒரு கோடு தெரிந்தது. மேலே மஞ்சளாகப் பெட்ரோல், கீழே நிறமே இல்லாத இன்னொரு திரவம். பாட்டிலைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது.

கீழே இருந்தது எத்தனாலும் (இப்போது பெட்ரோலில் கலந்து விற்கும் ஆல்கஹால்) தண்ணீரும். எத்தனால் பெட்ரோலோடும் கலக்கும், தண்ணீரோடும் கலக்கும், ஆனால் தண்ணீர் மேல்தான் அதற்கு ஆசை அதிகம். பத்து சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல், பத்து லிட்டருக்குச் சுமார் ஐம்பது மில்லி தண்ணீர் வரை சத்தமில்லாமல் தன்னுள் வைத்துக்கொள்ளும். இருபது சதவீதக் கலவை அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அடியிலிருந்துதான். மேலே நிற்கும் பெட்ரோலும் அப்புறம் பழையபடி இருக்காது, எத்தனால் கொடுத்த ஆக்டேன் (எஞ்சினில் தட்டல் வராமல் காக்கும் தன்மை) அதோடு போய்விடும். காற்றின் ஈரத்தால் மட்டும் இந்த அளவு தண்ணீர் சேர்வது அபூர்வம். பெரும்பாலும் மூடி வழியாக இறங்கும் மழைதான் காரணம். எல்லாம் அந்த வெடித்துப்போன நாற்பது ரூபாய் ரப்பரால்.

இந்தியாவில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்க்குகளில் மட்டும் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னால் கொண்டுவந்து, 2025-ல் நாடு முழுக்கச் சாதாரண பெட்ரோல் என்றாலே அதுதான் என்ற நிலை வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம். விலை கூடிய சூப்பர் ரகத்தில் 5 சதவீதம் வரைதான். பம்பில் வட்ட லேபிளும் ஒட்டியிருக்கும். வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டிக்குப் பலர் சூப்பரைத்தான் போடுகிறார்கள். நம் ஊர் பெட்ரோல் பங்க்கில் அந்தத் தேர்வு சுலபமாக இல்லை. எங்கள் கார் மேனுவலில் 10 சதவீதம் வரை என்றுதான் அச்சிட்டிருக்கிறது. மைலேஜ் குறைகிறதா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தினமும் ஓடும் வண்டியில் பெட்ரோல் பிரிந்து நிற்பது குறைவு. பெரும்பாலும் நிற்கும் வண்டிக்குத்தான் இந்தத் தலைவலி.

கார்புரேட்டரைக் கழற்றியபோது, பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரின் அடியில் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது, அதன் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்த மாவு, அலுமினியம் அரித்தது. அந்தச் சேம்பரில் நிற்பது கொஞ்சமே கொஞ்சம் பெட்ரோல், அதுவும் வெளிக்காற்று படும்படி. அதனால் டேங்கில் உள்ளது கெடுவதற்கு வெகு நாள் முன்பே அங்கே வற்றிப் பிசினாகிவிடும். பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஸ்லோ ஜெட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஓட்டை தெரியுதா பாருங்க" என்றார் அண்ணாச்சி. எனக்குத் தெரியவில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை, பிசின் முழுசாக அடைத்திருந்தது. கிளீனரில் ஊறப்போட்டு, காற்று அடித்து, மறுபடி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் புள்ளி மாதிரி ஒளி வந்தது. கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதானால் கலவையின் அளவே மாறிவிடும் என்றார். டேங்கைக் கழுவிக் காயவைத்து ஓடவைக்க ஒரு நாள் ஆனது.

புதுப் பெட்ரோல் வாங்க பிளாஸ்டிக் கேனோடு போன என் சித்தி மகனைப் பெட்ரோல் பங்க்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதி அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. அண்ணாச்சியிடம் தகர கேன் இருந்தது. இறக்கிய பழையதை, "குப்பை எரிக்கக் குடுங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். எஞ்சினில் ஒழுங்காகப் பிடிக்காத பெட்ரோலும் திறந்த வெளியில் முகத்தைச் சுட்டுவிடும், ஆவி தரையோடு பரவும். மறுத்துவிட்டேன். காரில் இறக்கியதைப் பாகங்கள் கழுவ ஒர்க் ஷாப்பிலேயே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வாரத்தில் அண்ணாச்சியிடம், நான் போனபின் வண்டிகள் கெடாமல் நிற்க ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டேன். "இது வரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்று சிரித்தார். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், கெட்டதைச் சரிசெய்ய இத்தனை பேர், கெடாமல் மூடிவைக்க ஒருவர் இல்லை. ஸ்கூட்டரில் டேங்கை வடித்து, உள்ளே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்றிலும் படும்படி ஆட்டினார், காலியான இரும்பு டேங்க் துருப்பிடித்துவிடும் என்பதால். ஃப்ளோட் சேம்பரின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடித்தார். புது மூடி ரப்பர் போட்டார்.

கார் விஷயத்தில் எங்களுக்குள் சின்ன வாக்குவாதம். டேங்கை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடம் இருக்காது, ஈரமும் சேராது என்பது ஒரு கட்சி. நான் பார்க்கும் கார் மேனுவல்களிலும் பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர் டப்பாக்களிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் ஸ்டெபிலைசரைப் புதுப் பெட்ரோலில் சேர்த்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, அது இன்ஜெக்டர் வரை போன பிறகுதான் நிறுத்த வேண்டும்; கெட்ட பெட்ரோலை அது திருப்பி நல்லதாக்காது. நாலைந்து மாதத்தில் திரும்பி வருபவர்களுக்கு இது சரி. அண்ணாச்சி கட்சி வேறு: பிளாஸ்டிக் டேங்க், துருவுக்குப் பயமில்லை, மூன்று நாலு லிட்டரோடு விடுங்கள், வந்ததும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இருபது லிட்டர் புதியது ஊற்றினால் பழையது அதில் கரைந்துபோகும். வருடக்கணக்கில் நிற்கும் என்றால் எனக்கு இதுதான் நியாயமாகப் பட்டது.

கடைசியில் இரண்டும் தேவைப்படவில்லை. சித்தி மகன் சனிக்கிழமைகளில் காரைக் கன்னியாகுமரி வரை ஓட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான், போக இருபது கிலோமீட்டர், வர இருபது. ஒரு தடவைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசை மாதாமாதம் அனுப்புகிறேன். அப்பாவும் கூடப் போகிறார். ஸ்கூட்டரை மூடிவைத்த கூலி நானூறு ரூபாய், ரப்பர் தனி.