ஏற்காட்டிலிருந்து காரை சர்வீஸுக்கு இறக்குபவர்கள் கவனத்துக்கு

2022 மார்ச்சில் சேலத்து ஷோரூம் ஒன்றில் கார் எடுத்தேன். மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் வாரண்டி. பெயரைப் போட விரும்பவில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். வாரண்டி முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது, இன்ஜினில் ஏதோ சத்தம் வருகிறது என்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

சத்தம் 2024 ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. எங்கள் வீடு ஏற்காட்டில். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும், காய்ந்த காப்பிக் கொட்டையைத் தகரத்தில் கொட்டியது போலக் கடகடவென்று ஐந்தாறு நொடி. அப்புறம் அடங்கிவிடும். நாள் முழுக்க வராது. மறுநாள் காலையில் திரும்பவும் அதே சத்தம்.

நவம்பரில் ஷோரூமுக்குப் போனேன். சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் தூக்கச் சொல்லி, ஸ்டார்ட் செய்து கேட்டார். "சத்தமே இல்லையே சார்" என்றார். உண்மைதான், இல்லை. பொங்கல் முடிந்து இன்னொரு தடவை போனேன். அப்போதும் இல்லை. "மலையிலேயே ஓட்டுறீங்க, கொஞ்சம் இருக்கத்தான் சார் செய்யும்" என்று சொல்லி, வாட்டர் வாஷ் செய்து அனுப்பிவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன்தான் விஷயத்தைப் புரிய வைத்தார். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. "அப்ப இது டைமிங் செயின் டென்ஷனரா இருக்கும்" என்றார். டைமிங் செயின் என்பது வால்வுகளையும் பிஸ்டன்களையும் நேரம் தவறாமல் சேர்ந்து ஓட வைக்கும் செயின், அதைத் தொய்யாமல் பிடிப்பது டென்ஷனர். அந்த டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. வண்டி ராத்திரி முழுக்க நின்றால் மேலே இருக்கும் ஆயில் கீழே சம்ப்புக்கு, அதாவது ஆயில் தேங்கும் தொட்டிக்கு, வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் ஏறும் வரை, தேய்ந்த டென்ஷனரால் செயினை இழுத்துப் பிடிக்க முடியாது. தொய்ந்த செயின் பக்கத்தில் இருக்கும் கைடில் அடிக்கும். பிரஷர் வந்ததும் சத்தம் நின்றுவிடும். அப்படியே விட்டால் ஒரு நாள் செயின் பல் தாண்டும். பல இன்ஜின்களில் அப்போது வால்வு பிஸ்டனில் இடித்து மொத்த இன்ஜினும் போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறங்கும்போது இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் போய்விடலாம், இரண்டு மிதிக்கு மேல் பிரேக்கும் கல்லாகிவிடும். அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் வண்டியில் கை வைக்கவில்லை. "நான் கழட்டினா வாரண்டி போச்சும்பாங்க. அங்கயே குடுங்க. ஆனா ராத்திரி நிப்பாட்டி, காலையில ஸ்டார்ட் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒவ்வொரு தடவையும் முப்பது கிலோமீட்டர் மலை இறங்கி, நன்றாகச் சூடேறிய இன்ஜினோடு போய் நின்றிருக்கிறேன். அதில் அந்தச் சத்தம் எப்படி வரும்? எனக்கு அது தெரியாது. தினமும் நாற்பது வண்டி பார்க்கும் அவர்களுக்குத் தெரியாதா?

பிப்ரவரியில் மூன்றாவது தடவை. அட்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன்: இரண்டு ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். தலையாட்டினார், டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் நாள் போன் வந்தது: "ரெண்டு நாளும் காலையில செக் பண்ணிட்டோம் சார், நார்மல்."

வண்டியை எடுக்கப் போனபோது, எங்கள் வாசலில் விழுந்த சில்வர் ஓக் இலை வைப்பருக்கு அடியில் அப்படியே இருந்தது. மனசுக்கு ஏதோ சரியில்லை. வீட்டுக்கு வந்து டேஷ் கேமரா கார்டைக் கழற்றிப் பார்த்தேன். வண்டியை ஆன் செய்தால்தான் அது பதிவு செய்யும். முதல் நாள் காலையில் ஒரு பதிவுகூட இல்லை. இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு ஒரே ஒரு பதிவு. யாரோ ஒரு பையன் வண்டியை நகர்த்தி வைக்கிறான். அந்தப் பதிவில், ஸ்டார்ட் ஆனதும், மெலிதாக ஆனால் தெளிவாக அதே கடகட. அவர்கள் இடத்திலேயே சத்தம் வந்திருக்கிறது. கேட்க ஒருவரும் இல்லை. கேட்டதாக என்னிடம் சொன்னார்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அன்றைக்கே அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டேன்.

மார்ச்சில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி அலைச்சல், நான் போகவில்லை. ஏப்ரலில் போனேன். "வாரண்டி முடிஞ்சிருச்சு சார். செயின் கிட் மாத்தணும், ஐம்பத்திரண்டாயிரம் ஆகும்" என்றார்கள். பிப்ரவரியில் "நார்மல்" என்றவர்களே சொன்னது இது. மூன்று தடவை வந்தேனே என்றேன். பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் சீட்டுகளை, எடுத்துக் காட்டினார்கள். மூன்றிலும் "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்". இன்ஜின் சத்தம் என்ற வார்த்தையே இல்லை. கீழே என் கையெழுத்து. வீட்டில் அதைப் பார்த்த மனைவி, "நீங்க சொன்னதையே எழுதலையேங்க" என்றாள்.

இதுதான் நடந்த ஏமாற்று. புகார் எழுதப்படாவிட்டால் வாரண்டிக் காலத்தில் புகாரே வரவில்லை என்று ஆகிவிடுகிறது.

நான் கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு பிப்ரவரிப் பதிவைத் தேதி நேரத்தோடு அனுப்பினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனுவைத் தயார் செய்தேன். பிரச்சினை வந்த இரண்டு வருஷத்துக்குள் போகலாம். ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். மனு போட வேண்டிய அவசியம் வரவில்லை. ஐந்து வாரம் கழித்து கம்பெனி ஆள் வந்தார், வண்டியை ராத்திரி நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்து, முதல் நொடியிலேயே "செயின்தான்" என்றார். பாகங்களை இலவசமாகப் போட்டார்கள். லேபர் 11,600 ரூபாய் என் பணம். அதுவும் நியாயமில்லை, ஆனால் மேற்கொண்டு அலைய என்னால் முடியவில்லை.

உங்களுக்கு இப்படி இருந்தால், வீட்டில் காலை முதல் ஸ்டார்ட்டை, பானட்டைத் திறந்து, கிலோமீட்டர் மீட்டரும் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். ஷோரூமில் "காலை முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சத்தம்" என்று உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே நின்று கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் அவர்கள் திறக்கும் நேரத்துக்கு நீங்களே போய்ப் பக்கத்தில் நின்று ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

நாகலூரில் ஒருவர் இதே மாடல் வைத்திருக்கிறார், அதே சத்தம். ஆடியோடு அவருக்கு வாரண்டி முடிகிறது. நாளை சாயங்காலம் அவரோடு நானும் வண்டியை விடப் போகிறேன். ராத்திரி சேலத்தில் தங்கச்சி வீட்டில் தங்கிவிட்டு, காலையில் இருவருமே அங்கே இருப்போம்.