வெப்லேட்: கையேட்டு வேலைக்கு ஒரு கணக்கப்பிள்ளை

இலங்கை மலையகத்தின் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நாலு பேர் சேர்ந்து மென்பொருள் கையேட்டைத் தமிழாக்கினால், சிக்கல் மொழியில் தொடங்காது. எந்த வரி யாருடையது, எது பழசாகிவிட்டது என்பதில்தான் தொடங்கும். பலர் சேர்ந்து இணையத்தில் மொழிபெயர்க்க உதவும் மென்பொருளான வெப்லேட் இரண்டுக்கும் கணக்கு வைக்கிறது. கோப்பு மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் ‘கிட்’டில், திருத்தங்கள் செய்தவர் பெயரிலேயே பதிவாகின்றன (கமிட்). மூல வரியும் தமிழ் வரியும் இணையாக இருக்கும் பிஓ (PO) கோப்பின் தலைப்பிலோ கடைசி மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் நிற்பார். பங்களித்த எல்லோரையும் ஆண்டோடு அங்கே சேர்க்கும் ஆட்-ஆனை (கூடுதல் வசதியை) முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஆங்கில மூலம் சற்று மாறினாலும் தமிழ் வரி ‘ஃபஸி’, அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியது, ஆகிவிடும். கையேட்டுப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் அதை இயல்பில் எடுக்காது. பக்கத்தின் நடுவே திடீரென ஆங்கிலம் முளைப்பது அதனால்தான். ஒரு கமாவுக்காக ஃபஸியான வரியானாலும் ஆள் பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் சரியான எரிச்சல்.

மழைக்குச் சிக்னல் போகும் தோட்டங்களில் கோப்பை இறக்கி, கணினியிலேயே பிஓ கோப்பைத் திருத்த உதவும் போஎடிட்டில் முடித்து ஏற்றலாம். எல்லாருடையதையும் ஒருவரே ஏற்றினால் பெயர் அவருக்கே போகும்; அவரவர் கணக்கில் ஏற்றுங்கள். ஏற்றும்போது மொழிபெயர்க்காத வரிகளை மட்டும் புதுப்பிக்கும் தெரிவு முக்கியம். இல்லையேல் போன வாரக் கோப்பு நேற்றைய திருத்தத்தை விழுங்கிவிடும்.

சொந்த சேர்வரில் நிறுவ 3 ஜிபி ராமாவது வேண்டும். சிறு குழுவுக்கு அது வீண் சுமை.