எல்எஸ்3/5ஏ, ஜெனலெக் 8030: பல வருடங்கள் கேட்ட பிறகு

உள்ளதை உள்ளபடி தரும் ஸ்பீக்கர் வாங்கலாமா, காதுக்கு இதமாகப் பாடும் ஸ்பீக்கர் வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். என்னிடம் இதமான வகையில் பிபிசி வடிவமைப்பான எல்எஸ்3/5ஏ ஒரு ஜோடி, உள்ளபடி தரும் வகையில் பின்லாந்தின் ஜெனலெக் 8030 ஒரு ஜோடி இருக்கின்றன. பல வருடங்களாக ஒரே அறையில் மாற்றி மாற்றிக் கேட்டு வருகிறேன், பெரும்பாலும் கர்நாடக இசைதான்.

எல்எஸ்3/5ஏ, 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய குட்டி மானிட்டர், அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்கு கெஃப் கம்பெனியின் பி110 வூஃபர், உயர்ந்த ஒலிக்கு டி27 ட்வீட்டர், ஏறக்குறைய 5 லிட்டர் மூடிய பெட்டி. இவ்வளவு சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) வராது. ஆனால் 120 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி சில டெசிபல் மேடாக எழும்புவதால், பேஸ் இருக்கிறது என்று காது நம்பிவிடுகிறது. ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய C) பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக அந்த மேட்டின் மேல்! பாடகர் கீழே இறங்கி ஷட்ஜத்தில் நிற்கும்போதெல்லாம் குரல் நிறைந்து ததும்பும், மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கமும் கூடவே கனத்து உருளும். முதல் சில மாதங்கள் இதை விட்டு எழுந்து போகவே மனம் வராது. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு இந்தச் சலுகை கிடையாது, அந்த ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும்.

பிரச்சினை அப்புறம்தான் வருகிறது. யார் பாடினாலும் அதே நிறைவு, யார் வாசித்தாலும் அதே உருண்ட தொப்பி. பழைய வானொலிப் பதிவுக்கும் போன வருட ஸ்டுடியோ பதிவுக்கும் ஒரே கனம். நான் ரசித்தது பாதி பாடகரை, பாதி பெட்டியை.

ஜெனலெக்கில் தம்புராவின் ஜீவாரி என்ற ரீங்காரம் இழை இழையாகப் பிரிந்து கேட்கிறது, நிஜத் தம்புராவா எலெக்ட்ரானிக்கா என்று உடனே தெரிந்துவிடுகிறது. சபாப் பதிவுகளில் வயலினில் ஒட்டிய கான்டாக்ட் மைக்கின் கீச்சும் அப்படியே வருகிறது, அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் துல்லியமான ஸ்பீக்கர் களைப்பூட்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். களைப்பூட்டுவது, கடையில் பளிச்சென்று கேட்பதற்காக ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை) தூக்கிவைத்த ஸ்பீக்கர்கள், அவற்றுக்கும் துல்லியத்துக்கும் சம்பந்தமே இல்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி கவுன்சிலில் ஒலியியல் ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் 1980களில் பெயர் தெரியாமல் மறைத்துவைத்து ஸ்பீக்கர்களைக் கேட்கச் சொன்னபோது, பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தது தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை சமமாக ஒலிக்கும் ஸ்பீக்கர்களைத்தான்.

அறையையும் மறக்கக்கூடாது. 10 அடி இடைவெளியில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் 56 ஹெர்ட்ஸில் அறையே முழங்கும், எந்த ஸ்பீக்கரும் அங்கே சமமாக ஒலிக்காது. ஜெனலெக்கின் முதுகில் பேஸைக் குறைக்கும் சின்ன ஸ்விட்சுகள் உண்டு, சுவரை ஒட்டி வைப்பவர்கள் முதலில் அவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

இதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெலிந்த பழைய பதிவு போட்டால் ஈக்வலைசரில் 120 ஹெர்ட்ஸை 2 டெசிபல் ஏற்றிக்கொள்கிறேன், அடுத்த பதிவுக்கு எடுத்துவிடுகிறேன். எல்எஸ்3/5ஏ-யின் மேட்டையும் ஈக்வலைசரில் வெட்டலாம்தான், ஆனால் அதில் இல்லாத ஆழ்ந்த பேஸைத் திணித்தால் அந்தச் சின்ன வூஃபர் திணறிவிடும். அதனால் ஒரே ஜோடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஜெனலெக் மாதிரி ஒன்றை வாங்குங்கள். எல்எஸ்3/5ஏ என் வீட்டில் ராத்திரி சத்தம் குறைத்து நாடகமும் பேச்சும் கேட்க இருக்கிறது, மனிதக் குரல் பேசுவதை அதைவிட இயல்பாகத் தரும் சின்னப் பெட்டியை நான் கேட்டதில்லை. அதன் சென்சிட்டிவிட்டி 83 டெசிபல்தான், அதாவது கொடுக்கும் சக்திக்குச் சத்தம் குறைவாகவே வரும் என்பதால், அதை வாங்குபவர்கள் நல்ல ஆம்புக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.