முந்திக்கொண்டு அட்வான்ஸா, ஆள் வைத்துப் பார்த்த பிறகா?

ஹட்டனில் நாங்கள் விலை பேசிய முதல் வீடு கைவிட்டுப் போனதற்குக் காரணம் என் வாய்தான். "பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து பார்க்கிறோம், ஒரு கிழமை தாங்க" என்றேன். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து வந்தவர் நின்றபடியே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வீட்டைப் பொறியியலாளரை வைத்துப் பார்த்துத்தான் வாங்கினோம். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

உடனே அட்வான்ஸ் கொடுத்தால் வீடு கை நழுவாது, விற்பவரும் விலையில் இறங்கி வருவார். வயரிங், குழாய், கூரைத் தகரம் எல்லாம் பிறகும் திருத்தலாம். காணி உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசு பார்ப்பது இரண்டு வழியிலும் கட்டாயம். வங்கிக் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளர் வருவார்தானே என்பார்கள். அவர் பார்ப்பது வங்கியின் காசுக்கு வீடு பெறுமா என்று, நமக்காக அல்ல.

மலையகத்தில் என்னைத் திருப்பியது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண். இங்கே பெரும்பாலும் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் நிரப்பித்தான் தளம் எடுப்பார்கள். நிரப்பிய மண் இறங்கினால் சுவர் படிக்கட்டு மாதிரி வெடிக்கும். ஒரு பூச்சு பெயின்ட் அடித்தால் அதுவும் தெரியாது. பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தன, ஆனால் அழகுக்காக யாரோ சீமெந்தால் அடைத்திருந்தார்கள்! வழியில்லாத மழைநீர் பின்னால் தேங்கி, சுவர் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. நான் இரண்டு தடவை போயும் கவனிக்கவில்லை. பொறியியலாளர் பத்து நிமிடத்தில் காட்டினார். அதைச் சொல்லி விலை குறைத்தோம். கருங்கல்லில் சுவரைத் திரும்பக் கட்ட அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போனது. தெரியாமல் வாங்கியிருந்தால் முழுச் செலவும் எங்கள் தலையில்.

காணி எந்த அபாய வலயத்தில் இருக்கிறது என்பதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்கள் இருக்கின்றன. அவர்களின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினாலே கவனிக்க வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நியாயமாகச் சொன்னால், நான் வாங்கியது ஒரே ஒரு வீடு. கைவிட்டுப் போன அந்த முதல் வீடும் இன்றுவரை நன்றாகத்தான் நிற்கிறது. கண்டியில் மாடிக் குடியிருப்பு வாங்குபவருக்கு இதே கணக்கைச் சொல்ல மாட்டேன்.

விற்பவர் ஒரு கிழமை தரமாட்டார் என்றால், அட்வான்ஸுக்கு முன் ஒரு மணி நேரமாவது கேளுங்கள். நல்ல மேசன் பாஸ் ஒருவரோடு, முடிந்தால் மழை நாளில், வரவேற்பறையை விட்டுவிட்டு நேரே வீட்டுப் பின்பக்கம் போங்கள். மேட்டில் மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, புதிதாக ஊற்று கசிகிறதா, கதவுகள் இறுகுகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் மேல்வீட்டுக்காரரிடம் அவர் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள்.