கடத்தல், சலனம், கதிர்வீச்சு: ஒரே இடைவெளியில் எது எவ்வளவு?

வெப்பத்தைத் தடுக்க வேண்டுமென்றால், அது எந்த வழியாக எவ்வளவு போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள காற்றிடைவெளியை எடுத்துக்கொள்வோம். சுவர்கள் அறை வெப்பநிலையில் இருக்கின்றன, ஒன்று மட்டும் சற்றே கூடுதல் சூடு. கீழே தரும் வாட் எண்கள் ஒரு சதுர மீட்டருக்கு, 1 டிகிரி வேறுபாட்டுக்கு.

கடத்தல் என்றால் காற்று நகராமலே அதன் வழியே வெப்பம் பரவுவது. இங்கே அது இடைவெளியின் தடிமனைப் பொறுத்தது. இடைவெளி 1 மி.மீ. என்றால் காற்று வழியே 26 வாட் போகும்; 10 மி.மீ. என்றால் 2.6 வாட்தான். அப்படியானால் அகலமாக்கிக்கொண்டே போகலாமே? முடியாது. செங்குத்து இடைவெளி 15 மி.மீ. அளவைத் தாண்டும்போது சலனம் தலைதூக்குகிறது: சூடான பக்கம் காற்று ஏறி, குளிர்ந்த பக்கம் இறங்கி, வெப்பத்தைச் சுமந்து சுழலும். அதற்குமேல் அகலம் கூட்டிப் பெரிய பலன் இல்லை. பஞ்சும் நுரையும் காற்றைச் சிறுசிறு அறைகளாகப் பிரித்து இந்தச் சுழற்சியை முடக்குகின்றன. நனைந்தால் பஞ்சு வீண். நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். கிடைமட்ட இடைவெளியில் மேல்பக்கம் சூடாகவும் கீழ்ப்பக்கம் குளிர்ந்தும் இருந்தால் சலனமே எழாது.

பலரும் கணக்கில் விடுவது கதிர்வீச்சை, அதாவது சூடான பரப்பு கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக அனுப்பும் வெப்பத்தை. சாதாரணப் பெயின்ட் பூசிய பரப்புகளுக்கிடையே அது சுமார் 5 வாட். அதாவது 10 மி.மீ. இடைவெளியில் கடத்தலைப் போல் இரு மடங்கு! அகலத்தைக் கூட்டினாலும் இது குறையாது. கெல்வினில் அளந்த வெப்பநிலையின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும்: 300 கெல்வினில் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) 5 வாட் என்றால், இரு மடங்கான 600 கெல்வினில் 40.

ஒரு பக்கம் பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டினால் இந்த 5 வாட் ஏறக்குறைய 0.3 ஆகிவிடும். சூடான சுவரில் ஒட்டினாலும் குளிர்ந்த சுவரில் ஒட்டினாலும் பலன் ஒன்றே. ஆனால் தாளின் பளபளப்பு காற்றைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே நசுங்கியிருந்தால் அது வெறும் உலோகம், வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். கிடைமட்ட இடைவெளியில் பளபளப்பைக் கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பலன் போய்விடும்.

விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் 1892இல் செய்த வெற்றிடக் குடுவையின் (இன்றைய தெர்மாஸ் பிளாஸ்கின்) தத்துவமும் இதுதான். வெற்றிடம் கடத்தலையும் சலனத்தையும் நிறுத்துகிறது. கதிர்வீச்சைத் தடுப்பது வெள்ளிப்பூச்சு. எஞ்சிய இழப்பில் பெரும்பங்கு கழுத்தும் மூடியும் வழியே. கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்: கழுத்து மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி, உடல் முழுதும் சூடென்றால் வெற்றிடம் போய்விட்டது.